ரெஃப்ரி கையை ஆட்டிய பிறகு: சர்ச்சையான நிறுத்தத்தை நீங்களே எடைபோடுவது எப்படி?

2023 மே 14, ஞாயிற்றுக்கிழமை காலை. பாலக்கோட்டில் நான் வழக்கமாக முடி வெட்டிக்கொள்ளும் சலூன். அமெரிக்காவில் சனிக்கிழமை ராத்திரி நடக்கும் குத்துச்சண்டை நமக்கு ஞாயிறு காலை ஒன்பது, ஒன்பதரைக்குத்தான் மெயின் ஆட்டத்துக்கு வரும். சலூனில் கூட்டம் சேரும் நேரமும் அதுதான். கண்ணாடிக்கு முன்னால் பவுடர் டப்பாவில் சாய்த்து வைத்த போனில் லாஸ் வேகாஸ் ஓடிக்கொண்டிருந்தது. ரோலாண்டோ ரொமேரோவும் இஸ்மாயில் பரோசோவும். நாற்பது வயது பரோசோ கடைசி நேரத்தில் மாற்று ஆளாக வந்தவர். மூன்றாம் ரவுண்டில் ரொமேரோவைக் கீழே தள்ளியிருந்தார், மூன்று ஜட்ஜ்களிடமும் முன்னிலையில் இருந்தார். ஒன்பதாம் ரவுண்டில் அவரே ஒருமுறை விழுந்து எழுந்தார். ரொமேரோ பாய்ந்து வந்து சரமாரியாகக் கையை வீசினார், பெரும்பாலானவை காற்றில் போயின. அதற்குள் ரெஃப்ரி டோனி வீக்ஸ் நடுவில் புகுந்து, கையை ஆட்டி ஆட்டத்தை முடித்துவிட்டார்.

சலூன் அண்ணன் சவரக் கத்தியைப் பிடித்த கையோடு அப்படியே நின்றுவிட்டார். நாற்காலியில் இருந்தவருக்கு ஒரு கன்னத்தில் மட்டும் நுரை. “என்னங்க இது, ஒண்ணுமே படலையேங்க!” என்றார் அண்ணன். “பக்கத்துல நின்னு பாக்கற ரெஃப்ரிக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா?” என்றார் பெஞ்சில் இருந்த ஒரு மாமா. அரை மணி நேரம் சண்டை. ஒருத்தர் விதியைப் பற்றிப் பேசினார், இன்னொருத்தர் ஸ்கோரைப் பற்றி, மூன்றாமவர் எல்லாம் பெட்டிங் பணம் என்றார். ஒரே கேள்விக்கு இரண்டு பேர் பதில் சொன்ன மாதிரி எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, எதை எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்று நோட்டில் எழுத ஆரம்பித்தேன். அந்த நோட்டைத்தான் இங்கே விரித்து எழுதியிருக்கிறேன்.

படி 1: இது எந்த விதியில் நடக்கிறது?

நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் குத்துச்சண்டையை நேரில் பார்த்தவர்கள் பெரும்பாலும் பள்ளி, கல்லூரிப் போட்டிகளில்தான் பார்த்திருப்பார்கள். அது அமெச்சூர் ஆட்டம். அதில் பையன் கீழே விழாவிட்டாலும், பலமாக அடி வாங்கித் தடுமாறினால் ரெஃப்ரி நிறுத்தி எட்டு வரை எண்ணலாம். ஸ்டாண்டிங் கவுண்ட் என்பது அதுதான். மூச்சு வாங்க எட்டு விநாடி கிடைக்கும். இந்தப் பழக்கத்தோடு தொழில்முறை ஆட்டத்தைப் பார்க்கிறவர், “ஏன் எண்ணாம நேரா முடிச்சுட்டாரு?” என்று கேட்பார். அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் ஒருங்கிணைந்த விதிகளில் ஸ்டாண்டிங் கவுண்ட் கிடையாது. நின்றுகொண்டே அடி வாங்குகிறவர் விஷயத்தில் ரெஃப்ரிக்கு இரண்டே வழிதான்: விட வேண்டும், அல்லது முடிக்க வேண்டும். நடுவில் ஒன்றும் இல்லை. நாம் போடும் சண்டைகளில் பாதி இந்த ஒரு இடத்தில்தான் பிறக்கிறது.

ஒரே ஒரு விலக்கு உண்டு. கயிறு இல்லாவிட்டால் விழுந்திருப்பார் என்கிற நிலையில் கயிறு தாங்கிப் பிடித்தால் அது நாக்டவுன், அதாவது கீழே விழுந்த கணக்கு. 2024 மே மாதம் ரியாத்தில் உசிக் அடித்த அடியில் டைசன் ஃப்யூரி ஒன்பதாம் ரவுண்டில் கயிற்றுக்குக் கயிறு மோதித் தள்ளாடினார். ரெஃப்ரி மார்க் நெல்சன் நடுவில் வந்து எண்ணினார். அன்றைக்கும் கேட்டார்கள்: எண்ணியது ஃப்யூரியைக் காப்பாற்றவா, இல்லை உசிக்குக்கு நியாயமாக வரவேண்டிய பாயின்டைக் கொடுக்கவா என்று. உசிக் இரண்டுக்கு ஒன்று என்கிற ஜட்ஜ் கணக்கில்தான் ஜெயித்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மற்றவை சுருக்கமாக. விழுந்தவர் உடனே எழுந்தாலும் எட்டு வரை எண்ணியே ஆக வேண்டும். மூன்று முறை விழுந்தால் ஆட்டம் தானாக முடியும் என்பது இப்போது பல இடங்களில் இல்லை. எண்ணிக்கொண்டிருக்கும்போது மணி அடித்தால் தப்பித்தார் என்பதும் இல்லை, எண்ணிக்கை தொடரும். நிறுத்தும் அதிகாரம் ரெஃப்ரிக்கு. டாக்டர் ஆலோசனை சொல்வார், கார்னர்காரர் (மூலையில் நிற்கும் ஆட்டக்காரரின் ஆள்) கெஞ்சுவார், ஆனால் கையை ஆட்டுவது ரெஃப்ரிதான். ஊருக்கு ஊர், பெல்ட்டுக்குப் பெல்ட் (அதாவது பட்டத்துக்குப் பட்டம்) இவற்றில் சில மாறும். ஆட்டத்துக்கு முன்னால் அறிவிப்பாளர் விதிகளைச் சொல்லும் அந்த முப்பது விநாடியில்தான் நம் ஆட்கள் டீ சொல்லப் போவார்கள். போகாதீர்கள்.

படி 2: கண்ணை இடம் மாற்றுங்கள்

அடிக்கிறவரைப் பார்க்காதீர்கள். வாங்குகிறவரைப் பாருங்கள்.

நான் இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன். கேமரா, கூட்டம், வர்ணனையாளர் எல்லோரும் அடிக்கிறவர் பின்னாலேயே போவார்கள். நல்ல ரெஃப்ரி அப்படிப் போகமாட்டார். அடி எத்தனை, எவ்வளவு வேகம் என்பது அவருக்கு இரண்டாம் பட்சம். அடி வாங்கிய உடம்பு என்ன பதில் சொல்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

எதைப் பார்ப்பது? முதலில் கால். அடிபட்டவர் பின்னால் நகரும்போது பாதம் ஒன்றன்மேல் ஒன்று சிக்குகிறதா, முழங்கால் மடங்காமல் கட்டை மாதிரி விறைக்கிறதா? அப்புறம் கை. தெம்பு உள்ளவர் அடி வாங்கினால் எதிராளியை இறுக்கிக் கட்டிப்பிடிப்பார், அல்லது கையை உயர்த்தி முகத்தை மூடுவார். தெம்பு போனவர் கட்டிப்பிடிக்க நினைப்பார், கை வந்து சேராது. மூன்றாவது விழுகிற விதம். கையை ஊன்றி உட்கார்ந்தால் மூளை வேலை செய்கிறது. கையை ஊன்றாமல் முகம் தரையில் படும்படி விழுந்தால் அது வேறு கதை. கடைசியாகக் கண். டிவியில் கண்ணைச் சரியாகப் பார்க்க முடியாது, ரெஃப்ரிக்கு முடியும். நமக்கும் அவருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அந்த ஒன்றரை அடி தூரம்தான். பெஞ்சில் இருந்த மாமா சொன்னதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

படி 3: எண்ணிக்கையை நீங்கள் எண்ணாதீர்கள்

இது நம் ஊர்க்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழாவில் குறிப்பிட்ட தூரத்தை எந்த மாடு குறைந்த விநாடிகளில் கடக்கிறதோ அதற்குத்தான் பரிசு. ஓரத்தில் நிற்கிற ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு போன், ஒவ்வொரு போனிலும் ஒரு நேரம். ஆனால் விழாக் கமிட்டி உட்கார்ந்திருக்கும் மேடையில் என்ன நேரம் பதிவானதோ அதுதான் நேரம். “என் போன்ல இன்னும் கம்மி” என்று மாட்டுக்காரர் எவ்வளவு கத்தினாலும் சரி.

குத்துச்சண்டையிலும் அப்படித்தான். பத்து என்பது கடிகாரத்தின் பத்து விநாடி இல்லை, ரெஃப்ரியின் வாயிலிருந்து வரும் பத்து. 1927 செப்டம்பர் 22, சிகாகோ. ஏழாம் ரவுண்டில் ஜாக் டெம்ப்சி அடித்த அடியில் ஜீன் டன்னி உட்கார்ந்துவிட்டார். அடித்தவர் ஒதுக்குப்புறமான நடுநிலை மூலைக்குப் போன பிறகுதான் எண்ண ஆரம்பிக்க வேண்டும் என்ற விதி அப்போது புதுசு. டெம்ப்சி பழைய பழக்கத்தில் விழுந்தவரின் தலைமாட்டிலேயே நின்றார். ரெஃப்ரி டேவ் பாரி அவரைப் போகச் சொல்லி, போன பிறகு ஒன்றிலிருந்து எண்ணினார். டன்னி ஒன்பதில் எழுந்தார். தரையில் அவர் இருந்தது சுமார் பதினான்கு விநாடி. ஆட்டத்தை அவர்தான் ஜெயித்தார். டெம்ப்சிக்கு அநியாயம் நடந்ததாக இன்றைக்கும் எழுதுகிறார்கள். என் கணக்கில் அநியாயம் ஒன்றும் இல்லை. மூலைக்குப் போகாதது யார்?

1990 பிப்ரவரி 11 டோக்கியோ கொஞ்சம் சிக்கலானது. எட்டாம் ரவுண்டின் கடைசி விநாடிகளில் மைக் டைசனின் அப்பர்கட்டில் பஸ்டர் டக்ளஸ் விழுந்தார். டைம்கீப்பர் ஓரத்தில் எண்ண ஆரம்பித்துவிட்டார், ரெஃப்ரி ஆக்டாவியோ மெய்ரான் அவரோடு சேராமல் பின்தங்கித் தன் எண்ணிக்கையை ஆரம்பித்தார். டக்ளஸ் ஒன்பதில் எழுந்தார், கடிகாரப்படி பத்தைத் தாண்டியிருந்தது. பத்தாம் ரவுண்டில் டைசனை டக்ளஸ் நாக்கவுட் செய்தார். டைசன் தரப்பு புகார் செய்ய, இரண்டு பெல்ட் அமைப்புகள் முடிவை முதலில் நிறுத்தி வைத்து, உலகமே சிரித்ததும் பின்வாங்கின. இதில் ரெஃப்ரி பிழை செய்தார் என்றே நினைக்கிறேன், டைம்கீப்பரின் எண்ணிக்கையை எடுத்துத் தொடர்ந்திருக்க வேண்டும். ஆனால் டக்ளஸ் ஏமாற்றவில்லை. விழுந்த ஆட்டக்காரருக்குக் கேட்பது ரெஃப்ரியின் குரல் மட்டும்தான். எட்டு வரை ஓய்வெடுத்து ஒன்பதில் எழு என்றுதான் எல்லாக் கோச்சும் சொல்லிக்கொடுப்பார்கள். டைம்கீப்பர் ஏழில் இருக்கும்போது ரெஃப்ரி ஐந்து என்றால், விழுந்தவருக்கு அது ஐந்துதான்.

ஆகவே நீங்கள் ஸ்டாப்வாட்ச் எடுத்துச் சண்டை போடாதீர்கள். இரண்டே கேள்வி: எண்ணிக்கை ஆரம்பித்தது சரியா? ஆரம்பித்த பிறகு தாளம் ஒரே சீரா?

படி 4: எட்டுக்குப் பிறகு நடக்கும் பரீட்சை

எட்டு என்று சொன்ன கணத்திலிருந்து அடுத்த இரண்டு மூன்று விநாடிக்குள் ரெஃப்ரி ஒரு பரீட்சை வைக்கிறார். பேசச் சொல்வார், கையை உயர்த்தச் சொல்வார், இரண்டு எட்டு நடந்து வரச் சொல்வார். 2018 டிசம்பர் 1 அன்று பன்னிரண்டாம் ரவுண்டில் டியான்டே வைல்டர் அடித்த அடியில் ஃப்யூரி மல்லாந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். எத்தனையோ ரெஃப்ரிகள் எண்ணாமலே கையை ஆட்டியிருப்பார்கள். ஜாக் ரீஸ் முட்டி போட்டு உட்கார்ந்து எண்ணினார். ஒன்பதில் எழுந்தவரை ஒரு பக்கம் நடந்து திரும்பி வரச் சொன்னார், அவர் வந்தார், ஆட்டம் தொடர்ந்தது. டிரா. அவசரப்படாத ரெஃப்ரிக்கு உதாரணம் கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

இதற்கு எதிர்ப்பக்கம் உலகத்திலேயே அதிகம் விவாதிக்கப்பட்ட நிறுத்தம். 1990 மார்ச் 17, லாஸ் வேகாஸ். ஹூலியோ சேசார் சாவேஸும் மெல்ட்ரிக் டெய்லரும், இரண்டு பேருமே தோற்காதவர்கள். டெய்லர் 1984 ஒலிம்பிக் தங்கம். கை வேகத்தில் அவருக்குப் பக்கத்தில் அன்றைக்கு யாரும் நிற்க முடியாது. பதினோரு ரவுண்டு முடிந்தபோது இரண்டு ஜட்ஜ்கள் 107-102, 108-101 என்று டெய்லருக்கும், ஒருவர் 105-104 என்று சாவேஸுக்கும் போட்டிருந்தார்கள். கடைசி ரவுண்டைப் பெரிதாகத் தோற்றாலும் ஜெயித்துவிடுவார். ஆனால் முகத்தைப் பார்த்தால் ஜெயிக்கிறவர் முகம் மாதிரி இல்லை. வீங்கியிருந்தது, முக எலும்பு உடைந்திருந்தது, ரத்தத்தை விழுங்கிக்கொண்டே ஆடினார்.

பதினைந்து விநாடி சொச்சம் இருக்கும்போது சாவேஸின் வலது கை மூலையில் வைத்துப் பிடித்தது. டெய்லர் விழுந்தார், கயிற்றைப் பிடித்து ஆறில் எழுந்தார். ரிச்சர்ட் ஸ்டீல் எட்டு வரை எண்ணினார். சரியாக இருக்கிறாயா என்று கேட்டார். மறுபடி கேட்டார். அதே நேரத்தில் டெய்லரின் கோச் லூ டூவா கயிற்றுக்கு வெளியே மேடை விளிம்பில் ஏறிக் கத்திக்கொண்டிருந்தார். டெய்லரின் முகம் ரெஃப்ரியை விட்டு அந்தப் பக்கம் திரும்பியது. பதில் வரவில்லை. ஸ்டீல் கையை ஆட்டினார். பாக்கி இருந்தது இரண்டு விநாடி.

இந்த வீடியோவைக் குறைந்தது மூன்று தடவை பாருங்கள். முதல் தடவை எல்லோருக்கும் வயிறு எரியும். இரண்டாம் தடவை கார்னரில் எரியும் சிவப்பு விளக்கைப் பாருங்கள். கடைசி பத்து விநாடிக்கு அது எரியும், ஸ்டீல் நின்ற இடத்திலிருந்து தெரியும் என்பது அவரைத் திட்டுகிறவர்களின் வாதம். மூன்றாம் தடவை டெய்லரை மட்டும் பாருங்கள். கை கயிற்றை விடவில்லை.

நேரம் பார்ப்பது தன் வேலை இல்லை என்பதுதான் ஸ்டீல் பிறகு சொன்ன நியாயத்தின் சாரம். அடி தாங்க முடியாதவரை இரண்டு விநாடி இருக்கிறதே என்று விடக்கூடாது, இரண்டு நிமிடம் இருந்தாலும் விடக்கூடாது. விதிப்படி இதில் ஓட்டை கிடையாது. ஆனால் ஸ்டீல் விலகியிருந்தால் சாவேஸ் நடந்து வந்து கையை ஓங்குவதற்குள் மணி அடித்திருக்கும் என்பதும் உண்மை.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்லூரியில் படிக்கும்போது நானும் கொஞ்ச காலம் கிளவுஸ் போட்டவன். கல்லூரிகளுக்கிடையிலான ஒரு போட்டியில் இரண்டாம் ரவுண்டில் எனக்கு ஒரு ஸ்டாண்டிங் கவுண்ட் விழுந்தது, அப்புறம் இன்னொன்று, எட்டு முடிந்ததும் ரெஃப்ரி கையை ஆட்டிவிட்டார். எனக்கு அப்படி ஒரு கோபம். கையை உயர்த்து என்றார், உயர்த்தினேனே, பிறகு எதற்கு நிறுத்தினார்? ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் முழுக்க அந்த ஆளைத் திட்டிக்கொண்டே வந்தேன். வருஷக்கணக்கில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், நான் நன்றாகத்தான் இருந்தேன் என்று.

சித்தப்பா பையன் தன் பழைய போனில் அதை எடுத்து வைத்திருந்தான். மங்கலான வீடியோ. ஒரு தீபாவளிக்குப் போட்டுக் காட்டினான். ரெஃப்ரி “கை, கை” என்கிறார். இடது கை மேலே வருகிறது. வலது கிளவுஸ் தொடையோடு தொங்குகிறது. நான் எதிரே பார்க்கவே இல்லை, ஜட்ஜ் மேஜை இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் நினைவில் இன்றைக்கும் இரண்டு கையும் மேலேதான் இருக்கிறது.

அன்றிலிருந்து, தோற்றவர் பேட்டியில் “நான் நல்லாதான் இருந்தேன்” என்று சொன்னால் அதை நான் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை. அவர் பொய் சொல்லவில்லை. அந்த விநாடியைப் பற்றி மிகக் குறைவாகத் தெரிந்தவர் அவர்தான்.

படி 5: நின்றுகொண்டிருக்கும்போது நிறுத்தினால்

கடினமான இடம் இதுதான். ரொமேரோ - பரோசோ இந்த வகை. 2013 நவம்பரில் மான்செஸ்டரில் நடந்த கார்ல் ஃப்ரோச் - ஜார்ஜ் குரோவ்ஸ் ஆட்டமும் இந்த வகை. முதல் ரவுண்டிலேயே சாம்பியன் ஃப்ரோச்சைக் கீழே தள்ளிய குரோவ்ஸ் மூன்று ஜட்ஜ்களிடமும் முன்னிலையில் இருந்தார். ஒன்பதாம் ரவுண்டில் ஃப்ரோச் ஓங்கிய அடிகளில் தலை குனிந்து தடுமாறினார். ரெஃப்ரி ஹோவர்ட் ஃபாஸ்டர் வந்து குரோவ்ஸைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டிப்பிடித்து முடித்துவிட்டார். சாம்பியனுக்குக் கைதட்டிய கூட்டமே ரெஃப்ரியைக் கூச்சலிட்டுத் தீர்த்தது.

இந்த மாதிரி நிறுத்தத்தைப் பார்க்க ஒரு முறை வைத்திருக்கிறேன். போனில் சத்தத்தை முழுதாக நிறுத்துங்கள். வர்ணனையாளர் குரல் நம் கண்ணையே மாற்றிவிடும். ஸ்லோமோஷன் வேண்டாம், அசல் வேகத்தில் போடுங்கள். ஸ்லோமோஷனில் எல்லா அடியும் பயங்கரமாகத் தெரியும், எல்லாத் தடுமாற்றமும் சமாளித்த மாதிரியும் தெரியும். இரண்டுமே ஏமாற்று. நிறுத்துவதற்கு முன்னால் உள்ள பத்து விநாடியை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை அடி சுத்தமாகப் பட்டது, எத்தனை கையில், தோளில், காற்றில் போனது? வாங்கியவர் பதிலுக்கு ஒன்றாவது அடித்தாரா? அடித்திருந்தால் அது பார்த்து அடித்ததா, நீரில் முழுகுகிறவர் கையை வீசுகிற மாதிரியா? தலையை அசைத்து ஒரு அடியையாவது தவிர்த்தாரா?

பரோசோவை இப்படிப் பார்த்தால் எனக்குச் சந்தேகமே இல்லை, நிறுத்தியது தப்பு. பட்டது குறைவு, கால் நின்றது, அவர் தப்பித்துக்கொண்டிருந்தார். குரோவ்ஸ் விஷயத்தில் ஆரம்பத்தில் ஃபாஸ்டரைத் திட்டினேன். இந்த முறையில் பார்த்த பிறகு கொஞ்சம் இறங்கி வந்தேன். தலை தாழ்ந்திருக்கிறது, கை கீழே இருக்கிறது, எதிராளி தெரிகிற நிலையில் அவர் இல்லை. இன்னும் இரண்டு அடி விட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் அந்த இரண்டு அடி என்னவாகும் என்று தெரியாமல்தான் ரெஃப்ரி முடிவெடுக்க வேண்டும், தெரிந்த பிறகு இல்லை.

ஸ்கோர்கார்டை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். முன்னிலையில் இருந்தாரா என்பது நம் வயிற்றெரிச்சலுக்கு மட்டும்தான் சம்பந்தம். ரெஃப்ரிக்கு ஜட்ஜ்கள் போட்ட மார்க் தெரியாது, தெரியவும் கூடாது.

படி 6: நிறுத்தாமல் விட்டதையும் பாருங்கள்

இந்தப் படியைப் பலர் தாண்டிவிடுவார்கள். சீக்கிரம் நிறுத்திய ரெஃப்ரியைத் திட்டி ஆயிரம் வீடியோ இருக்கும். தாமதித்த ரெஃப்ரிக்கு அவ்வளவு திட்டு கிடையாது, ஏனென்றால் அந்த ஆட்டம் நமக்குப் பிடித்திருக்கும்.

2005 மே 7. டியேகோ கொரலேஸ், ஹோசே லூயிஸ் காஸ்டீயோ. பத்தாம் ரவுண்டில் கொரலேஸ் இரண்டு முறை விழுந்தார். வாயில் வைத்த மவுத்பீஸ் வெளியே வந்தது, அதைக் கழுவிப் போட நேரம் கிடைத்தது, அதற்கு ஒரு பாயின்டும் போனது. அன்றைக்கு அங்கேயே முடித்திருந்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். ரெஃப்ரி விட்டார். ஒரு நிமிடத்துக்குள் கொரலேஸ் திருப்பி அடித்து, காஸ்டீயோ கயிற்றில் சாய்ந்து கை தொங்கி நிற்க, ஆட்டம் தலைகீழாக முடிந்தது. நான் பார்த்ததிலேயே பெரிய ரவுண்டு அதுதான். அந்த ரெஃப்ரி யார் தெரியுமா? டோனி வீக்ஸ். பதினெட்டு வருஷம் கழித்துப் பரோசோவை நிறுத்திய அதே ஆள். சலூனில் இதைச் சொன்னபோது அண்ணன் நம்பவில்லை, கூகுளில் பார்த்துவிட்டுத்தான் கத்தியைக் கீழே வைத்தார்.

பொறுமை காத்த எல்லா ஆட்டமும் இப்படி முடிவதில்லை. 1962 மார்ச் 24, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். பன்னிரண்டாம் ரவுண்டில் எமில் கிரிஃபித் மூலையில் வைத்து அடித்த அடிகளை பென்னி பரெட் நின்றபடியே வாங்கினார். கயிற்றில் மாட்டிக்கொண்டதால் விழவும் முடியவில்லை. ரெஃப்ரி ரூபி கோல்ட்ஸ்டீன் புகுந்தபோது தாமதமாகிவிட்டது. பத்து நாள் கழித்து பரெட் இறந்தார். 2013 நவம்பர் 2, அதே பெயர் கொண்ட அரங்கில் இன்னொரு ராத்திரி. மகொமெட் அப்துசலாமோவ் முதல் ரவுண்டிலிருந்து முகத்தில் அடி வாங்கிப் பத்து ரவுண்டும் முடித்தார். ஒருமுறைகூட யாரும் நிறுத்தவில்லை. மூளையில் ரத்தக்கசிவு. உயிர் பிழைத்தார், பழைய வாழ்க்கை திரும்பவில்லை. நியூயார்க் மாநிலம் 2017இல் 2.2 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்தது. அந்த ஆட்டத்தில் காட்டிப் பேச ஒரு சர்ச்சைக் காட்சிகூடக் கிடையாது. அடி சிறுகச் சிறுகச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

அதனால் ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் ஸ்டூலுக்கு நடந்து போகிறவரைப் பாருங்கள். நேராகப் போகிறாரா, தன் மூலையைத் தேடுகிறாரா?

படி 7: காயம், தலைமோதல், இடுப்புக்குக் கீழ்

இங்கே உணர்ச்சிக்கு வேலை கம்மி, விதிதான். புருவம் கிழிந்தால் முதல் கேள்வி: குத்தில் கிழிந்ததா, தலை மோதியா? குத்தில் கிழிந்து நிறுத்தினால் காயம்பட்டவர் தோற்றார். 2003 ஜூனில் லெனாக்ஸ் லூயிஸோடு ஆடிய விடாலி கிளிட்ச்கோ ஆறு ரவுண்டு முடிவில் மூன்று ஜட்ஜ்களிடமும் 58-56 என்று முன்னால் இருந்தார். கண்ணுக்கு மேல் ஆழமான காயம், டாக்டர் முடியாது என்றார், தோல்வி. முரட்டுத்தனமாகத் தெரியலாம், விதி அப்படித்தான்.

தற்செயலாகத் தலை மோதிக் கிழிந்தால், நான்கு ரவுண்டு முடிவதற்குள் நிறுத்தினால் முடிவில்லை என்று அறிவிப்பார்கள். நான்கு முடிந்த பிறகு என்றால் அதுவரை போட்ட ஸ்கோரில் யார் முன்னால் இருக்கிறாரோ அவர் ஜெயித்தார். 2020 நவம்பரில் லாஸ் வேகாஸில் ஜோஷுவா ஃபிராங்கோவின் கண் வீங்கி இரண்டு ரவுண்டோடு ஆட்டம் நின்றது. தலைமோதல்தானா என்று ரீப்ளே பார்க்கவே கிட்டத்தட்ட இருபத்தாறு நிமிடம் ஆனது. கடைசியில் ரெஃப்ரி சொன்னதே நின்றது, எதிராளி ஆண்ட்ரூ மொலோனி வெறுங்கையோடு போனார். ரீப்ளே வந்தால் சர்ச்சை தீரும் என்கிறவர்கள் அந்த இருபத்தாறு நிமிடத்தை ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கட்டும்.

இடுப்புக்குக் கீழ் அடித்தால் அடி வாங்கியவருக்கு ஐந்து நிமிடம் வரை ஓய்வு. 2023 ஆகஸ்டில் போலந்தில் டேனியல் டுபாய் அடித்த அடியில் ஐந்தாம் ரவுண்டில் உசிக் சுருண்டார். பெல்ட் கோட்டில் பட்டதா, கீழே பட்டதா என்பதில் உலகம் இரண்டாகப் பிரிந்தது. ரெஃப்ரி லூயிஸ் பபோன் கீழே என்றார், உசிக் நான்கு நிமிடத்துக்குப் பக்கமாக ஓய்வெடுத்தார், ஒன்பதாம் ரவுண்டில் ஜெயித்தார். டிராயரை எவ்வளவு உயரத்தில் கட்டியிருக்கிறார்கள் என்று முதல் ரவுண்டிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: கார்னரையும் கேள்வி கேளுங்கள்

நிறுத்த வேண்டியது ரெஃப்ரி மட்டும்தானா? 1975 மணிலாவில் பதினான்காம் ரவுண்டு முடிந்ததும் ஜோ ஃப்ரேசியரை ஸ்டூலிலிருந்து எழவிடாமல் அவருடைய கோச் எடி ஃபட்ச் நிறுத்தினார். ஃப்ரேசியருக்குக் கண் தெரியவில்லை, இருந்தும் போகிறேன் என்றார். 2020இல் ஏழாம் ரவுண்டில் வைல்டருக்காக டவலை வீசி ஆட்டத்தை நிறுத்தச் சொன்ன அவர் கார்னர் ஆள் மார்க் பிரீலண்டுக்குக் கிடைத்த பரிசு வேலை நீக்கம். 2019 ஜூலையில் பதினொன்றாம் ரவுண்டு முடிந்ததும் மாக்சிம் தாதஷேவிடம் அவருடைய கோச் பட்டி மெகர்ட் கெஞ்சுகிற வீடியோ இருக்கிறது. போதும், நிறுத்துகிறேன் என்று அவர் சொல்ல, பையன் தலையை ஆட்டி மறுக்கிறான். மெகர்ட் அவன் பேச்சைக் கேட்காமல் நிறுத்தினார். நான்கு நாளில் தாதஷேவ் இறந்தார். அந்த வீடியோவைச் சலூனில் போட்ட அன்றைக்கு யாரும் வாதாடவில்லை.

படி 9: புகார் செய்தால் என்ன நடக்கும்?

பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. ரெஃப்ரியின் கணிப்புத் தப்பு என்பதற்காக முடிவை மாற்றமாட்டார்கள். விதியையே தப்பாகப் பயன்படுத்தினால்தான் ஆட்டத்தை மேற்பார்க்கும் கமிஷன் காது கொடுக்கும். நடைமுறையில் கிடைக்கும் நிவாரணம் மறு ஆட்டம். 2011 ஆகஸ்டில் ஆப்னர் மாரெஸ் பட்டவர்த்தனமாக இடுப்புக்குக் கீழ் அடித்ததை ரெஃப்ரி ரஸ்ஸல் மோரா நாக்டவுன் என்று எண்ணினார், பெல்ட் அமைப்புகளில் ஒன்றான ஐபிஎஃப் மறு ஆட்டத்துக்கு உத்தரவிட்டது. அடி வாங்கிய ஜோசப் அக்பெக்கோ அதிலும் தோற்றார். குரோவ்ஸுக்கும் மறு ஆட்டம் கிடைத்தது. 2014 மே 31, வெம்பிளியில் எண்பதாயிரம் பேர். எட்டாம் ரவுண்டில் ஃப்ரோச்சின் ஒரே வலது கை. அந்தத் தடவை ரெஃப்ரியைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

படி 10: ஒரு நோட்டு வையுங்கள்

ஆட்டம் முடிந்த சூட்டோடு நான்கு வரி எழுதுங்கள்: கால் எப்படி இருந்தது, கை எங்கே இருந்தது, கேள்விக்குப் பதில் வந்ததா, கார்னர் என்ன செய்தது. தீர்ப்பைக் கடைசியில் எழுதுங்கள். ஒரு வாரம் கழித்துச் சத்தமில்லாமல் மறுபடி பார்த்து, மாற்ற வேண்டுமென்றால் பக்கத்திலேயே எழுதுங்கள், பழையதை அழிக்க வேண்டாம். எது மாறுகிறது என்று பார்த்தால் உங்கள் கண் எங்கே ஏமாறுகிறது என்று தெரியும். எனக்கு மாறுவது பெரும்பாலும் கால் வரிதான். முதல் பார்வையில் காலைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு தோளைத்தான் பார்த்திருப்பேன்.

சலூனிலும் ஒரு நோட்டு வந்துவிட்டது, பால் கணக்கு எழுதுகிற நீள நோட்டு. பரோசோ பக்கத்தில் ஐந்து கையெழுத்து, ஐந்தும் தப்பு என்கிறது. மாமாவும் போட்டிருக்கிறார். டெய்லர் பக்கத்தில் மட்டும் அண்ணன் எழுதியது: “நிறுத்தினது சரி. ஆனா ரெண்டு செகண்டு விட்டிருக்கணும்.” இரண்டில் ஒன்றை அடிங்கண்ணா என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். மாட்டேன் என்கிறார்.